பெயரில்லாத போர்டும் ஒன்பது கம்பிகளும்

நான்கு மாதமாக என் மேசையின் பாதியை ஒரு போர்டு பிடித்துக்கொண்டிருக்கிறது. கீழ் ஓரத்தில் பதினாறு சிறு ஸ்விட்ச்சுகள், அவற்றுக்கு மேலே பதினாறு சிவப்பு எல்இடிகள், நடுவில் சாக்கெட்டுகளில் அமர்ந்திருக்கும் நான்கு நாற்பது கால் சிப்கள், வலப்பக்கம் அதே அளவில் இன்னொன்று, மேல்பாதி முழுவதும் அணிவகுத்து நிற்கும் சிறு சிப்கள். செய்தவர் பெயர் எங்கும் அச்சிடப்படவில்லை. பின்புறம் கையால் எழுதிய ஓர் எண் மட்டும் இருக்கிறது. படத்தைப் பார்த்த நண்பர்கள் எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான்: "இது என்ன சிபியூ?"

அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் முதல் இரண்டு வாரத்தை நான் வீணடித்தேன். பிட்-ஸ்லைஸ், அதாவது செயலியின் சில பிட் அகலத் துண்டுகளாக வரும் சிப்களால் கட்டிய போர்டில் அந்தக் கேள்வியே பொருந்தாது என்பது பிறகுதான் உறைத்தது. இன்டெல்லின் 8080 என்ற செயலிச் சிப் பொருத்திய ஒரு போர்டை எடுத்தால், அதன் கட்டளைத் தொகுதி என்ன என்பது சிப்பின் மேல் அச்சிட்ட எண்ணைப் படித்தவுடன் தெரிந்துவிடுகிறது. பிட்-ஸ்லைஸ் போர்டில் பெரிய சிப்களுக்கென்று கட்டளைத் தொகுதியே கிடையாது. அவை வெறும் தசை. என்ன செய்ய வேண்டும் என்பது பக்கத்தில் இருக்கும் நினைவகத்தில் எவரோ எழுதிவைத்த நுண்நிரலில் இருக்கிறது. ஆகவே இத்தகைய போர்டை அடையாளம் காண்பது என்றால், நுண்கட்டளை எத்தனை பிட் அகலம், அதன் எந்தப் பிட் எந்தக் காலுக்குப் போகிறது, அதை எழுதியவர் எதற்காக எழுதினார் என்ற மூன்றையும் கண்டுபிடிப்பதுதான்.

இந்தச் சிப்கள் ஏன் பிறந்தன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1970களின் நடுவில் ஒரே சிப்பில் முழுச் செயலியை அடக்க மாஸ் தொழில்நுட்பத்தால் முடிந்தது, ஆனால் வேகம் கிடைக்கவில்லை. 1974இல் வந்த 8080 இரண்டு மெகாஹெர்ட்ஸ் கிளாக்கில் ஓடியது. வேகம் தந்த பைப்போலார் ஷாட்கி தொழில்நுட்பத்திலோ ஒரு சிப்பில் அத்தனை டிரான்சிஸ்டர்களை அடுக்க இயலவில்லை, சூடும் தாங்காது. எனவே செயலியை நீளவாக்கில் நறுக்கி, இரண்டு பிட் அல்லது நான்கு பிட் அகலமுள்ள துண்டுகளாகச் செய்து, வேண்டிய அகலத்துக்கு அடுக்கிக்கொள்ளுமாறு விட்டார்கள். இன்டெல் நிறுவனத்தின் 3000 குடும்பம் 1974இல் வந்தது. ஏஎம்டி நிறுவனம் 1975இல் வெளியிட்ட 2900 குடும்பம் அதை முந்திச் சென்று துறையின் பொதுமொழியாகவே ஆகிவிட்டது. டெக் நிறுவனத்தின் கேஎஸ்10 செயலி, வாக்ஸ் 11/730, ஸெராக்ஸ் ஸ்டார் பணிநிலையம், நிக்லாஸ் விர்த் சூரிச்சில் உருவாக்கிய லிலித் கணினி ஆகிய எல்லாவற்றின் உள்ளேயும் இருந்தது அந்தக் குடும்பத்தின் நான்கு பிட் துண்டான 2901தான். கேஎஸ்10 பற்றி எனக்குப் பிடித்த ஒரு செய்தி உண்டு: அதன் சொல்லகலம் 36 பிட், 2901இன் அகலம் நான்கு, ஒன்பது போதும் என்று கணக்குச் சொல்லும், ஆனால் அதில் பத்து இருக்கும். எண்ணிக்கையை நான்கால் பெருக்கியவுடன் சொல்லகலம் கிடைத்துவிட்டதாக எண்ணிவிடக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

பயிற்சிப் போர்டுகள் தேவைப்பட்டதற்கும் காரணம் இதுவே. கட்டளைத் தொகுதி இல்லாத பொருளை வாங்கும் பொறியாளருக்கு, அதை எப்படி ஓட்டுவது என்பதை விற்பவரே கற்றுத்தர வேண்டியிருந்தது. ஏஎம்டி இதற்கென்றே ஒரு கற்றல் மற்றும் மதிப்பீட்டுக் கிட் வெளியிட்டது. அதில் ஒரே ஒரு 2901, அடுத்த நுண்கட்டளையின் முகவரியைத் தரும் ஒரே ஒரு 2909 சீக்வென்சர், 32 பிட் அகலத்தில் 16 சொற்கள் கொண்ட நுண்நிரல் நினைவகம் ஆகியவை இருந்தன. ஸ்விட்ச்சுகளால் ஒவ்வொரு நுண்கட்டளையையும் பிட் பிட்டாக ஏற்றி, கிளாக்கை ஒவ்வோர் அடியாகத் தட்டி, எல்இடியில் விளைவைப் பார்க்கலாம். பதினாறே சொற்களில் என்ன எழுத முடியும் என்று தோன்றலாம், ஆனால் ஒரு பெருக்கல் வழிமுறையை எழுதிப் பார்ப்பதற்கு அது தாராளமாகப் போதும். சிக்னெடிக்ஸ் நிறுவனம் வேறு வழியில் சென்றது: 3000 குடும்பச் சிப்களைக் கொண்டு 8080இன் கட்டளைத் தொகுதியையே நுண்நிரலால் நடித்துக் காட்டும் ஒரு கிட்டை விற்றது. ஏற்கெனவே தெரிந்த செயலியை வேறு உடலில் ஓடவிட்டுக் காட்டுவது கெட்டிக்காரத்தனமான விற்பனை என்பதே என் எண்ணம்.

இனி அடையாளம் காண்பதற்கு வருகிறேன். முதலில் பெரிய சிப்களின் எண்களைப் படிக்க வேண்டும் என்பது உண்மைதான், ஆனால் அது குடும்பப் பெயரை மட்டுமே தரும். 2901 என்ற எண் ஏஎம்டியின் சிப்பில் ஏஎம் 2901 என்றும், நேஷனல் நிறுவனத்தின் சிப்பில் ஐடிஎம் 2901 என்றும், பிற்காலத்து சீமாஸ் வடிவங்களில் சைப்ரஸ் 7சி901 என்றும் ஐடிடி 39சி01 என்றும் வரும். எண்ணுக்குப் பின்னால் ஏ, பி, சி என்று ஏறிக்கொண்டே போவது வேகத்தின் படிகள். சி வகையில் உள்ளே ஈசிஎல் என்ற அதிவேகச் சுற்றும், வெளியே வழக்கமான ஐந்து வோல்ட் டிடிஎல் மின்நிலைகளும் இருக்கும். சோவியத் நகலான கே1804விஎஸ்1 சிப்பை முதன்முறை பார்ப்பவர் கட்டாயம் ஏமாறுவார்: சிரிலிக் எழுத்தில் அது 'விஎஸ்', லத்தீன் எழுத்தாகப் படித்தாலோ 'பிசி'. எழுத்து ஏமாற்றினாலும் அளவு ஏமாற்றாது. சோவியத் சிப்களில் கால்களுக்கு இடையே உள்ள தூரம் 2.54 மில்லிமீட்டர் அல்ல, 2.5 மில்லிமீட்டர்; நாற்பது கால் சிப்பில் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போவதற்குள் முக்கால் மில்லிமீட்டர் விலகிவிடும், மேற்கத்திய சாக்கெட்டில் அது சிரமப்பட்டுத்தான் இறங்கும்.

28 கால் சிப்கள் எட்டு வரிசையாக நின்று, அவற்றுக்கு அருகே ஒரு 40 கால் சிப் இருந்தால், அது பெரும்பாலும் இன்டெல் 3000 குடும்பத்துப் பதினாறு பிட் அமைப்பு. எட்டும் 3002 என்ற இரண்டு பிட் துண்டுகள். நாற்பது கால் உள்ளது 3001 என்ற கட்டுப்பாட்டுச் சிப். இந்த 3001 தனிப் பிறவி. அதில் முகவரியை ஒன்றால் கூட்டும் ஏற்பாடே கிடையாது. 512 முகவரிகளையும் 32 வரிசை, 16 நெடுவரிசை கொண்ட கட்டமாக வைத்து, ஒவ்வொரு நுண்கட்டளையும் அடுத்தது எங்கே என்பதைத் தானே சொல்லியாக வேண்டும். அதுவும் பெரும்பாலும் அதே வரிசைக்குள் அல்லது அதே நெடுவரிசைக்குள், சதுரங்கத்தில் யானை நகர்வதைப் போல. நிரலை எழுதி முடித்த பிறகு அதைக் கட்டத்தில் பொருத்துவது தனி வேலையாக இருந்தது. அத்தகைய போர்டின் நுண்நிரலைப் படிக்க உட்காருபவர் முகவரி வரிசையில் படித்தால் ஒன்றும் புரியாது.

மற்றவற்றைச் சீக்கிரம் கடந்துவிடலாம். மோட்டரோலாவின் 10800 ஈசிஎல் வகை, அதற்கு 5.2 வோல்ட் எதிர்மின் வழங்கல் வேண்டும் என்பதால், ஐந்து வோல்ட் கொடுத்துப் பார்ப்போம் என்று கை வைக்கக் கூடாது. நேஷனல் நிறுவனத்தின் ஐஎம்பி-16 இன்னும் பழையது, 1973ஆம் ஆண்டுப் பீமாஸ் துண்டுகள் கொண்டது. அதற்கு மைனஸ் 12 வோல்ட்டும் தேவை. பல பயிற்சிப் போர்டுகளில் காணப்படும் 24 கால் 74181ஐ நான் இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை: அதில் கூட்டல் கழித்தல் தர்க்கம் மட்டுமே உண்டு, எண்களை வைத்திருக்கும் ரெஜிஸ்டர்கள் இல்லை. சிக்னெடிக்ஸ் 8எக்ஸ்300 என்ற ஐம்பது கால் அகலச் சிப்பையும் பிட்-ஸ்லைஸ் என்று விற்பனைப் பட்டியல்களில் எழுதுகிறார்கள். அது வேகமான பைப்போலார் சிப் என்பது சரி. ஆனால் நிலையான கட்டளைத் தொகுதி கொண்ட முழு எட்டு பிட் செயலி, துண்டு அல்ல.

சிப்களின் மேல் அச்சிட்ட தேதிக் குறியைப் பற்றி ஒரு சொல். நான்கு இலக்கத்தில் முதல் இரண்டும் ஆண்டு, அடுத்த இரண்டும் வாரம். 7919 என்றால் 1979இன் பத்தொன்பதாம் வாரம். 7432 என்று படித்தால் அது ஆர் கேட் சிப்பின் எண்ணா, 1974இன் முப்பத்திரண்டாம் வாரமா என்று ஒரு கணம் நின்றே ஆக வேண்டும். 7474இல் அந்தச் சந்தேகம் இல்லை, எந்த ஆண்டிலும் எழுபத்து நான்கு வாரங்கள் கிடையா. சாக்கெட்டில் இருக்கும் சிப்களைப் பிற்காலத்தில் எவரும் மாற்றியிருக்கலாம். ஆகவே நேராகச் சாலிடர் செய்யப்பட்டவற்றில் மிகப் பிந்திய தேதியை மட்டுமே நம்புகிறேன். என் போர்டில் அது 8014. அதற்கு முன் இந்தப் போர்டு பிறந்திருக்க முடியாது.

அடுத்து எண்ணிப் பார்த்தேன். நான்கு 2901, ஒரு 2910, ஒரு 2902. 2902 என்பது நான்கு துண்டுகளுக்கும் கேரியை (கூட்டலில் மிஞ்சி அடுத்த இடத்துக்குப் போவதை) முன்கூட்டியே கணித்துத் தரும் சிறிய பதினாறு கால் சிப். 74எஸ்182 என்றாலும் அதே வேலைதான். 2910 பன்னிரண்டு பிட் சீக்வென்சர், 4096 முகவரிகள் வரை எட்டும், பதினாறு கட்டளைகள் கொண்டது. நுண்நிரல் நினைவகம் என்று எதை எடுத்துக்கொள்வது? ஒருமுறை மட்டுமே எழுதக்கூடிய நினைவகச் சிப்களான பிராம்கள் பன்னிரண்டு இருந்தன, எல்லாம் 256க்கு 4 வகை, எல்லாவற்றின் முகவரிக் கால்களும் ஒன்றோடொன்று இணைந்திருந்தன. எனவே 256 சொற்கள், ஒவ்வொன்றும் 48 பிட். 2910இன் பன்னிரண்டு முகவரிக் கம்பிகளில் எட்டு மட்டும் பயன்பட்டன, மேல் நான்கும் எங்கும் போகவில்லை. 48 என்ற கணக்கைச் சரிபார்க்க ஒரு வழி உண்டு: பிராமிலிருந்து வரும் சொல்லை ஒரு கிளாக் நேரம் பிடித்து வைத்திருக்கும் ரெஜிஸ்டர்களை எண்ணுவது. எட்டு பிட் 74எஸ்374 ஐந்து, நான்கு பிட் 74எஸ்175 இரண்டு. நாற்பதும் எட்டும் நாற்பத்தெட்டு.

ஏன் இரண்டு மட்டும் 74எஸ்175 என்று சற்று யோசித்தேன். ஆறாவதாக இன்னொரு 374 போட்டிருந்தால் இடம் மிச்சமாகியிருக்கும். காரணம் எளிது: 374இல் அழிக்கும் கால் கிடையாது, 175இல் உண்டு. அந்த இரண்டில் ஒன்றின் நான்கு பிட்களும் 2910இன் கட்டளைக் கால்களுக்குப் போகின்றன. 2910க்கு நான்கு பூஜ்யங்கள் கொடுத்தால் அது 'முகவரி பூஜ்யத்துக்குப் போ' என்ற கட்டளை. எனவே ரீசெட் பொத்தானை அழுத்தினால் இந்தச் சிறு ரெஜிஸ்டர் அழிந்து, சீக்வென்சர் தானாகப் பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். இந்தப் போர்டை வரைந்தவருக்குத் தொழில் தெரியும் என்று அப்போது முடிவு செய்தேன்.

இது பயிற்சிப் போர்டுதானா என்ற ஐயம் எனக்கு முதலில் இருந்தது, ஏனெனில் சந்தையில் கிடைக்கும் 2901 போர்டுகளில் கணிசமானவை வட்டுக் கட்டுப்பாட்டுப் போர்டுகளே. அவற்றைக் கண்டுகொள்வது கடினமில்லை: ஓரத்தில் 60 கால், 26 கால் ரிப்பன் கேபிள் இணைப்பிகள் இருந்தால், அது எஸ்எம்டி (ஸ்டோரேஜ் மாட்யூல் டிரைவ்) வகை வட்டுகளுக்கானது என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லிவிடலாம். அட்டாரியின் 1980ஆம் ஆண்டு 'பேட்டில்ஸோன்' விளையாட்டுக்கான துணைப் போர்டிலும் நான்கு 2901 இருக்கின்றன, முப்பரிமாணக் கணக்கை அவைதான் போடுகின்றன. அதையும் 'அரிய மதிப்பீட்டுப் போர்டு' என்று விலைபேசியதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். உற்பத்திப் போர்டில் மனிதருக்கென்று எதுவும் இருக்காது. பயிற்சிப் போர்டில் எல்லாமே மனிதருக்காக இருக்கும்: கிளாக்கை ஒவ்வோர் அடியாகத் தட்டும் பொத்தான், சிக்னல் பெயர் அச்சிட்ட சோதனை முனைகள், கம்பி சுற்றி இணைக்க வெறுமையாக விடப்பட்ட வயர்-ராப் பகுதி. என் போர்டில் இம்மூன்றும் இருந்தன. கட்டளைக் குறியை நுண்நிரல் முகவரியாக மாற்றும் மேப்பிங் பிராமோ இல்லை. அது இருந்திருந்தால், இந்தப் போர்டு ஏதோ ஒரு கணினியின் கட்டளைத் தொகுதியை ஓட்டுகிறது என்று பொருள். இல்லாததால், இது நுண்நிரலை நேராகக் கற்பிக்கவே பிறந்தது.

இனி மல்டிமீட்டர் வேலை. இதை விரிவாக எழுதுகிறேன், ஏனெனில் எழுத்து அழிந்த சிப்பையும் இதைக்கொண்டு அடையாளம் காணலாம். பொதுவாக டிடிஎல் சிப்களில் மின்சாரக் கால்கள் மூலைகளில் இருக்கும். 2901இல் அப்படியில்லை: ஐந்து வோல்ட் 10ஆம் காலில், தரை 30ஆம் காலில், அதாவது இருபுறமும் நடுவில். ஒரே எண்ணிக்கைக் கால்கள் கொண்ட பல சிப்கள் வரிசையாக இருந்து, அவற்றில் 10உம் 30உம் மின்தடங்களுக்குப் போனால் ஐயம் பாதி தீர்ந்தது. மீதிப் பாதிக்கு, ஒரு சிப்பின் 12ஆம் காலில் ஒரு முனையையும், பக்கத்துச் சிப்பின் 12ஆம் காலில் மறுமுனையையும் வையுங்கள். மீட்டர் பீப் என்று ஒலிக்க வேண்டும். 5, 6, 7, 13, 14, 26, 27, 28 ஆகியவையும் அப்படியே. இவை எல்லாத் துண்டுகளுக்கும் பொதுவான கட்டளைக் கம்பிகள். நான்கு பேரும் ஒரே நேரத்தில் ஒரே வேலையைத் தங்கள் தங்கள் நான்கு பிட்டில் செய்ய வேண்டும் என்பதுதான் இந்தக் கலையின் அடிப்படை. 11ஆம் காலும் எல்லாவற்றிலும் ஒன்றாக இணைந்து ஒரு ரெசிஸ்டர் வழியாக ஐந்து வோல்ட்டுக்குப் போகும். விடை பூஜ்யமா என்பதை நான்கு துண்டுகளும் சேர்ந்து சொல்லும் கம்பி அது, ஒருவர் 'இல்லை' என்றாலும் தாழ்ந்துவிடும்.

துண்டுகளின் வரிசையைக் கண்டுபிடிக்க 8, 9 ஆகிய கால்களைப் பார்க்க வேண்டும். எண்களை இடப்பெயர்ச்சி செய்யும்போது ஒரு துண்டின் மேல்முனைப் பிட் 8ஆம் கால் வழியாக வெளியேறி, அடுத்த உயர்ந்த துண்டின் 9ஆம் கால் வழியாக உள்ளே நுழைகிறது. எண்ணை எழுதும் பழக்கத்தில் இடக்கோடிச் சிப்தான் உயர்ந்தது என்று நான் எடுத்துக்கொண்டிருந்தேன். இடக்கோடிச் சிப்பின் 8ஆம் கால், அதற்கு வலப்பக்கத்துச் சிப்பின் 9ஆம் காலோடு பீப் அடித்தது. இடது கோடிதான் தாழ்ந்தது, முழுவதும் தலைகீழ். அந்த ஒரு பீப் கேட்கும்வரை எல்இடி தடங்களை வைத்து நான் வரைந்திருந்த இரண்டு பக்கப் படத்தையும் கிழித்துப் போட வேண்டியதாயிற்று.

மின்சாரம் கொடுத்த கதையில் பெருமைப்பட எதுவும் இல்லை. ஒரு 2901 அதிகபட்சமாக ஏறத்தாழ கால் ஆம்பியர் இழுக்கும். பைப்போலார் பிராம் ஒவ்வொன்றும் நூறு மில்லி ஆம்பியர் அளவில் எடுக்கும். கூட்டிப் பார்த்தால் ஐந்து வோல்ட்டில் மூன்று ஆம்பியரைத் தொடும். கணக்கெல்லாம் சரியாகப் போட்ட நான், ஐந்து வோல்ட்டுக்கும் தரைக்கும் இடையிலான தடையை அளக்காமலேயே ஸ்விட்சைப் போட்டேன். மூலையிலிருந்த ஒரு டான்டலம் கெபாசிட்டர் உள்ளுக்குள் குறுக்கிணைந்து போயிருந்தது. சிறு வெடிச் சத்தம், ஆரஞ்சுத் தீப்பொறி, அறை முழுக்க இரண்டு நாள் நின்ற நாற்றம். நல்லவேளையாக வேறு எதுவும் கெடவில்லை. அதை மாற்றிய பிறகு, முதலில் மின்னோட்டத்தை அரை ஆம்பியருக்குக் கட்டுப்படுத்தி மெல்ல ஏற்றினேன். 2.9 ஆம்பியரில் நின்றது. 2901கள் ஐந்து நிமிடத்தில் விரல் வைக்க முடியாத அளவு சுட்டன. அது அவற்றின் இயல்பு.

போர்டு உயிர்பெற்றது. எல்இடிகளில் ஒரு கோலம் தெரிந்தது. ஸ்விட்ச்சுகளில் ஓர் எண்ணை வைத்துப் பொத்தானை அழுத்தினால் கோலம் மாறியது. ஆனால் ஒவ்வொரு முறை அணைத்து ஏற்றும்போதும் தொடக்கக் கோலம் வேறு வேறாக இருந்தது. ஏதோ ஒரு சிப் கெட்டிருக்கிறது என்று நினைத்து மூன்று மாலைப் பொழுதுகளை அதில் போக்கினேன்.

பிறகு பிராம்களைக் கழற்றிப் படித்தேன். உண்மையில் இதை முதலிலேயே செய்திருக்க வேண்டும். பைப்போலார் பிராம் என்பது எரித்து எழுதிய ஏட்டுச்சுவடி மாதிரி, அசல் போனால் நகல் கிடையாது. படித்த 48 பிட்களில் எது எது என்று அறிய, 2901இன் ஒன்பது கட்டளைக் கால்களிலிருந்து ரெஜிஸ்டர் வழியாகப் பின்னோக்கிப் பிராம்வரை தடம் பிடித்தேன். ஒன்பது பிட்கள் 2901இன் கட்டளைக்கு, எட்டுப் பிட்கள் இரண்டு ரெஜிஸ்டர் எண்களுக்கு, நான்கு 2910இன் கட்டளைக்கு, எட்டு தாவ வேண்டிய முகவரிக்கு, நான்கு எந்த நிபந்தனையைச் சோதிப்பது என்பதற்கு, ஒன்று கேரிக்கு, இரண்டு இடப்பெயர்ச்சியின் முனைகளுக்கு. எஞ்சிய பன்னிரண்டில் ஐந்து ஸ்விட்ச்சையும் எல்இடியையும் திறந்து மூடுகின்றன, ஏழு எங்கும் இணைக்கப்படவில்லை.

அந்த ஒன்பது பிட்களை மூன்று மூன்றாகப் பிரித்து எண்ம (0 முதல் 7 வரையிலான) இலக்கங்களாக எழுதினால் அவை பேசத் தொடங்கிவிடும். முதல் இலக்கம் விடை எங்கே போக வேண்டும் என்பது, நடு இலக்கம் என்ன வேலை என்பது, கடைசி இலக்கம் எவற்றை எடுத்துக்கொள்வது என்பது. 301 என்றால், முதல் ரெஜிஸ்டரையும் இரண்டாவது ரெஜிஸ்டரையும் எடு, கூட்டு, இரண்டாவதிலேயே வை. 337 என்றால், வெளியிலிருந்து வரும் எண்ணைப் பூஜ்யத்தோடு 'அல்லது' செய்து ரெஜிஸ்டரில் வை, அதாவது ஏற்று. 134 என்றால், ஒரு ரெஜிஸ்டரை மாற்றாமல் வெளியே காட்டு. 343 என்றால், பூஜ்யத்தோடு 'மற்றும்' செய்து அங்கேயே வை. எதைக் கொடுத்தாலும் விடை பூஜ்யம், எனவே அழி. ஒரு மாலை இந்த அட்டவணையோடு உட்கார்ந்தால், பிறகு அட்டவணையைப் பார்க்காமலேயே படிக்க வந்துவிடுகிறது.

என் போர்டின் நுண்நிரல் 343 என்ற கட்டளையோடு தொடங்குகிறது. பூஜ்யம் முதல் பதினைந்து வரை பதினாறு சொற்களிலும் அதே 343. ரெஜிஸ்டர் எண் மட்டும் ஒவ்வொன்றாக ஏறுகிறது. பதினாறு ரெஜிஸ்டர்களையும் துடைத்துவிட்டுப் பாடத்தைத் தொடங்குகிறார் எழுதியவர். ஒரு சுழற்சியில் சுருக்கியிருக்கலாமே என்று கேட்கத் தோன்றும், ஆனால் ரெஜிஸ்டர் எண் நுண்கட்டளையிலேயே எழுதப்பட்டிருப்பதால் சுழற்சியில் அதை மாற்ற வழியில்லை. பதினாறு சொற்களைச் செலவழித்தே ஆக வேண்டும். அதன்பின் பொத்தான் அழுத்தப்படும்வரை தன் முகவரிக்கே தாவிக்கொண்டிருக்கும் ஒரு சொல். பிறகு 337, ஸ்விட்ச்சுகளில் உள்ள எண் 1ஆம் ரெஜிஸ்டருக்கு. அடுத்து 301, அது 13ஆம் ரெஜிஸ்டரோடு கூடுகிறது. அடுத்து 134, 13ஆம் ரெஜிஸ்டர் எல்இடிக்கு. பொத்தானை விடும்வரை இன்னொரு காத்திருப்பு, பிறகு மீண்டும் முதல் காத்திருப்புக்கு. ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் ஸ்விட்ச் எண்ணைக் கூட்டிக்கொண்டே போகும் ஒரு கூட்டல் பொறி. முதல் பாடத்துக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை.

அப்படியானால் தொடக்கக் கோலம் ஏன் ஒவ்வொரு முறையும் வேறாக இருக்கிறது? துடைக்கும் பதினாறு சொற்களை மறுபடி ஒவ்வொன்றாகப் பார்த்தேன். 10, 11, 12, 12, 14, 15. பன்னிரண்டாம் ரெஜிஸ்டர் இரண்டு முறை துடைக்கப்படுகிறது, பதின்மூன்றாவது துடைக்கப்படுவதே இல்லை. கூட்டுத்தொகையை வைத்திருக்கும் அதே பதின்மூன்று. இரும எண்ணில் 12க்கும் 13க்கும் வேறுபாடு கடைசி ஒரு பிட் மட்டுமே. இந்த வகைப் பிராமில் எரிக்காத பிட் பூஜ்யம், எரித்த பிட் ஒன்று. உள்ளே இருப்பது நைக்ரோம் இழை. அது சரியாக எரியாமல் விட்டிருந்தாலோ, எரிந்த இடைவெளி காலப்போக்கில் மெல்லத் திரும்ப இணைந்துவிட்டாலோ, ஒன்று பூஜ்யமாகிவிடும். நைக்ரோம் இழைகளின் இந்தத் திரும்ப வளரும் குணம் அந்தக் காலத்திலேயே பேர்போன தொல்லை. ஏஎம்டி தன் பிராம்களுக்குப் பிளாட்டினம் சிலிசைடு இழையைப் பயன்படுத்தியதைப் பெருமையாக விளம்பரம் செய்யும் அளவுக்கு.

ஆக, மூன்று மாலைகள் நான் தேடிய கெட்ட சிப் 2901 அல்ல, ஏழாவது பிராமில் ஒரு தலைமுடியைவிட மெல்லிய ஓர் இழை. அதே பிட்டை மறுபடி எரிக்கத் தேவையான மின்னழுத்தம் தரும் கருவி என்னிடம் இருக்கிறது. மற்ற 1023 பிட்களையும் நகலெடுத்து வைத்துவிட்டேன். எரிப்பதா, அல்லது ஒவ்வொரு முறை போர்டை ஏற்றியதும் எல்இடியில் தெரியும் எண்ணைக் குறித்துக்கொண்டு அதைக் கழித்துப் பார்ப்பதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. இப்போதைக்குப் போர்டின் ஓரத்தில் '13' என்று எழுதிய ஒரு சிறு தாளை ஒட்டியிருக்கிறேன்.